வலது மூலையில் ஒரு தூசி

3 டிசம்பர் 1971, வெள்ளி

இந்த டைரியை ஜனவரியில் ஆபீசில் கொடுத்தார்கள். பதினோரு மாதத்தில் நான் எழுதியது மொத்தம் நான்கு வரி. அதிலும் இரண்டு, பேனா எழுதுகிறதா என்று பார்க்கக் கிறுக்கியது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு நாளுக்கு ஒரு பக்கம் என்பது அதிகம்தான்.

இன்று சாயங்காலம் பாகிஸ்தானோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. டெலிபிரிண்டரில் செய்தி வந்ததும் ஆபீசே எழுந்து ஓடியது. நான் ஓடவில்லை. என் மேஜையில் ஒரு மந்திரி கிடந்தார். அவருக்கு மூன்று பல் கட்ட வேண்டியிருந்தது. பத்திரிகையில் என் உத்தியோகம் அதுதான். போட்டோவை அச்சடிக்கிற பிளாக் ஆக்குவதற்கு முன் பிரஷ்ஷால் சரிசெய்வது. வழுக்கையில் அடிக்கும் வெளிச்சத்தைக் குறைப்பேன், தேர் வடம் அறுந்த மாதிரித் தெரிந்தால் முடிச்சுப் போடுவேன், தூசியை மூடுவேன். மதுரையில் பாதிப் பேர் பேப்பரில் அழகாகத் தெரிவது என் புண்ணியம்.

வீட்டுக்கு வந்ததும் கிருபை வாசலிலேயே நின்றாள்.

"எபி எங்க இருப்பான்?"

"ராணுவ ரகசியம். வீட்டுக்காரி கேட்டாலும் சொல்லக் கூடாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.

5 டிசம்பர், ஞாயிறு

கோயிலில் போதகர் ஐயர் எபனேசர் பெயரைச் சொல்லி ஜெபித்தார். கிருபை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எபி எங்கள் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு முடிந்துவிட்டது. ராணுவத்தில் மருத்துவப் பிரிவு. அடிபட்டவனைத் தூக்கிக் கட்டுப் போடுகிற வேலை. அதோடு விட்டானா? போன வருஷம் விமானத்திலிருந்து குதிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொண்டான். நான் மாடிப்படியில் இறங்கும்போதுகூடக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறவன். இந்தத் தைரியம் அவன் அம்மா வழியாக வந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு படம் அனுப்பியிருந்தான். முதுகில் ஒரு மூட்டை, வயிற்றில் ஒரு மூட்டை, நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு இவன். பின்னால் எழுதியிருந்தான்: "அப்பா, இதையாவது அப்படியே விட்டுவிடுங்கள். கை வைக்காதீர்கள்." அவன் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. ஏழு வயதில் கிரிக்கெட் பந்து பட்டது. அவனுடைய எந்தப் படம் என் கைக்கு வந்தாலும் அதை எடுத்துவிடுவேன். இதிலும் எடுத்துவிட்டுத்தான் சட்டம் போட்டேன். பழக்க தோஷம், கை அரித்தது.

8 டிசம்பர், புதன்

கடிதம் இல்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்தது.

12 டிசம்பர், ஞாயிறு

நேற்று பிற்பகல் கிழக்கு வங்கத்தில் நம் பாராசூட் படை இறங்கியதாக ரேடியோவில் சொன்னார்கள். ஊர்ப்பெயர் ஒன்றும் சொன்னார்கள். எனக்கு வாயில் நுழையவில்லை. கிருபைக்கு ஒரே தடவையில் நுழைந்துவிட்டது. "டாங்கைல்" என்று சொல்லிக்கொண்டே குழம்பைக் கிண்டினாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள். நான் முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். இரண்டாம் சோறும் கேட்டு வாங்கினேன். வீரம் என்றால் இதுவும்தான்.

14 டிசம்பர், செவ்வாய்

இன்று அந்தப் படம் வந்தது.

மெட்ராஸ் ரயிலில் வந்த படக்கட்டுக்குள் மூன்றாவதாக இருந்தது. வானம் நிறையப் பாராசூட். பிரிண்ட் மட்டம், சாம்பலில் புரட்டின மாதிரி. எந்த விமானம், எந்த நேரம், ஒன்றும் குறிப்பில்லை. நான் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குடைக்கும் கீழே தொங்கியவனைப் பார்த்தேன். எல்லாருமே மிளகு அளவு. மிளகுக்கு ஏது முகம்?

செய்தி ஆசிரியர் சடகோபன் சார் பின்னால் வந்து நின்றார். எபி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பேப்பர் பேப்பர்தானே.

"ஓய் மாசிலாமணி, வலது பக்கம் வானம் மொட்டையா இருக்கே! இதைப் போட்டா சண்டைக்கு ஆள் கிடைக்காத மாதிரின்னா இருக்கும்? ஒரு ஆறு குடை இறக்கிடுங்கோ."

"ஆறு போதுமா சார்?"

"ஏழா வேணும்னாலும் போடுங்கோ. உம்ம பையனுக்கு ஒண்ணு."

முதலில் தூசியைச் சுத்தம் செய்தேன். வானத்தில் ஒன்பது இருந்தது. பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கி, சாம்பல் நிறத்தைத் தொட்டு, ஒவ்வொன்றாக மூடினேன். வலது மேல்மூலையில் ஒன்று கொஞ்சம் பெரிசு. ஆசிட் தொட்டிப் பக்கமிருந்து காஜா பாய் எட்டிப் பார்த்தார். தகட்டை அரிக்கவைத்து பிளாக் எடுப்பது அவர் வேலை.

"அண்ணே, அதுவும் குடையா இருக்கப்போகுது."

"இம்புட்டுத் தள்ளியா? கூட்டத்தோடு குதிச்சவன் தனியா எங்க பாய் போவான்? இருபத்தாறு வருஷ சர்வீசு. தூசி எது, குடை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மூடிவிட்டேன்.

பிறகு ஏழு குடை வரைந்தேன். ஆறு சாதாரணம். ஏழாவதை, தரைக்குப் பக்கத்தில், நன்றாக விரிந்ததாக, கயிறெல்லாம் ஒழுங்காகப் பிரிந்ததாக வரைந்தேன். கீழே வயல் மெத்தென்று இருந்தது. கால் நோகாமல் இறங்கிவிடுவான். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்று நாளாக வலித்த பின்கழுத்து அந்தக் குடையை முடித்ததும் விட்டுவிட்டது.

15 டிசம்பர், புதன்

காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கிருபை கேட்டாள், "இதுல நம்ம பிள்ளை எது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். விரல் தானாகப் போய் ஏழாவதில் நின்றது.

"இவன்தான்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"லென்ஸ்ல பார்த்தேன். பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தான்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்திரிக்கோல் எடுத்து அந்தப் படத்தை வெட்டி வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

16 டிசம்பர், வியாழன்

ஜெயித்துவிட்டோம். டாக்காவில் சரணடைந்துவிட்டார்கள். காஜா பாய் கால் கிலோ லட்டு வாங்கிவந்து முதல் லட்டை என் வாயில் திணித்தார். "இனி என்னண்ணே, பையன் லீவுல வந்துருவான். பிரியாணி நம்ம வீட்ல." சரி என்றேன். சரி சரி என்று பத்து தடவை சொல்லியிருப்பேன்.

கிருபை மாடியில் நட்சத்திர விளக்கு கட்டச் சொன்னாள். கிறிஸ்துமசுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏறினேன். எட்டுப் படி. பாராசூட்காரனின் அப்பன் அல்லவா?

20 டிசம்பர், திங்கள்

பால்காரர் வரவில்லை.

பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. இதற்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

21 டிசம்பர், செவ்வாய்

தந்தியில் 13-ஆம் தேதி என்று போட்டிருக்கிறது. நான் குடை வரைந்தது 14-ஆம் தேதி.

23 டிசம்பர், வியாழன்

பேப்பரில் எபி படம் வந்திருக்கிறது. இரண்டாம் பக்கம், இரண்டு பத்தி அகலம். வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே கையைக் காலை வைக்க இடமில்லை. அதனால் நேற்று ஆபீசுக்குப் போயிருந்தேன். சடகோபன் சார் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார், "படம் ஏதாவது இருக்கா மாசிலாமணி? வேற யாரையாவது செய்யச் சொல்றேன்."

"வேற யாருக்கு சார் தெரியும்?"

மூட்டை இரண்டும் கட்டியிருந்த அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்தேன். தழும்பைத்தான் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. கழுத்துப் பக்கம் நிழலைக் குறைத்தேன், கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன், தலைமுடியைப் படிய வைத்தேன். நல்ல வேலை. காஜா பாய் தகட்டை ஆசிட்டிலிருந்து எடுத்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்று காலை கிருபை அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அழவில்லை. நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"இது யாரு பிள்ளை?"

25 டிசம்பர், சனி

நட்சத்திரத்தை இறக்கச் சொல்லவில்லை யாரும். ஏற்றவும் இல்லை.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

எபி புருவத்தில் பட்டது கிரிக்கெட் பந்து இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். அப்போது ஆசிட் வேலையும் நான்தான் பார்த்தேன். "நானும் பிளாக் செய்றேம்ப்பா" என்று தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றான். நான் பேச்சு சுவாரசியத்தில் தகட்டை வெடுக்கென்று தூக்கினேன். தெறித்தது. கண்ணுக்கு அரை அங்குலம் மேலே. தண்ணீரைக் கொட்டிக் கொட்டி என் சட்டையும் அவன் சட்டையும் நனைந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ் வாங்கிக் கொடுத்து, அம்மா கேட்டால் பந்து பட்டது என்று சொல்லடா என்றேன்.

சொன்னான். அன்றைக்குச் சொன்னதை இருபத்திரண்டு வயது வரைக்கும் மாற்றவில்லை.

8 ஜனவரி 1972, சனி

புது டைரி. ஆபீசில் இந்த வருஷம் கேட்காமலே கொடுத்தார்கள்.

கல்கத்தா ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். தமிழ்க் கையெழுத்து. பெயர் வேலாயுதம், ஊர் தர்மபுரிப் பக்கம். கிருபை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்களே வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

"மதிப்புள்ள அப்பா அம்மாவுக்கு. நானும் எபியும் ஒரே விமானத்தில் இருந்தோம். குதித்தபோது காற்று அவனை மட்டும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் தரையில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், எல்லாருக்கும் மேலே, வலது பக்கம், தனியாக ஒரு புள்ளி. 'அவன் மாமியார் வீட்டுக்குப் போறான்டா' என்று சிரித்தோம். ஒரு குளத்தில் விழுந்திருக்கிறான். மருந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் நடந்து வந்து சேர்ந்துவிட்டான். திங்கட்கிழமை ஆற்றங்கரையில் ஒருவன் தொடையில் அடிபட்டுக் கிடந்தான். எபி போய் அவனைத் தூக்கி வந்து பள்ளத்துக்குள் விட்டான். விட்டுவிட்டுத் தன் பையை எடுக்கத் திரும்பினபோது பட்டுவிட்டது. அந்த அடிபட்டவன் நான்தான். முகத்தில் ஒன்றும் படவில்லை அம்மா. அங்கேயே நல்லபடியாக அடக்கம் செய்தார்கள்."

"ஒரு வரியை விட்டுட்டீங்க."

"இல்லையே."

"முகத்துல ஒண்ணும் படலைன்னதும் உங்களுக்கு மூச்சு நின்னுச்சு. அதுக்கப்புறம் தாண்டிட்டீங்க. வாசிங்க."

வாசித்தேன். "புருவத்தில் இருந்த அந்த ஆசிட் தழும்பு அப்படியே தெரிந்தது. 'எங்கப்பாகூட நானும் பிளாக் செஞ்சேன், அதுக்குப் போட்ட முத்திரை' என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வான்."

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, தகடு, ஐஸ், பந்து. கேட்டு முடித்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா" என்றாள். கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே, "ஊர்ல எவன்கிட்டயெல்லாமோ சொல்லியிருக்கான். எங்கிட்ட சொல்லலையே" என்றாள்.

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

"நீங்க சொன்னீங்க, சரி. அவன் சொல்லியிருக்கலாம்."

முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். பொறுக்கின அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள். அகப்பட்ட திருடன் பழைய களவையும் சேர்த்து ஒப்புக்கொள்வானே, அந்த மாதிரி நானும் மற்றதைச் சொன்னேன். "வேதப் புத்தகத்துல வச்சிருக்கியே, அந்தக் குடை. அது எபி இல்லை. நான் வரைஞ்சது."

"தெரியும்."

"எப்படி?"

"மத்ததெல்லாம் காத்துல ஒரு பக்கமாச் சாயுது. அது மட்டும் தூக்குவாளி இறக்குற மாதிரி நேரா இறங்குது. உங்க கையை இருபத்தாறு வருஷமாப் பார்க்கேன்."

"அப்புறம் ஏன் வெட்டி வச்சே?"

"நல்லா இறக்கியிருந்தீங்களே" என்றாள்.

10 ஜனவரி, திங்கள்

பழைய படங்களெல்லாம் ஆபீசில் ஒரு மர அலமாரியில் கிடக்கும். அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். காஜா பாய் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். நான் அடிப்பது தண்ணீர்ச் சாயம், ஈரம் பட்டால் வந்துவிடும். பஞ்சை நாக்கில் வைத்து நனைத்து, வலது மேல்மூலையில் வைத்து எடுத்தேன். சாம்பல் நிறம் பஞ்சில் வந்தது. அடியில் அது இருந்தது.

"ஊதிப் பாருங்கண்ணே."

ஊதினேன். போகவில்லை. போகாததால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. பிலிமில் விழுந்த தூசியும் இப்படி வெள்ளையாகத்தான் படத்தில் வரும், ஊதினால் போகாது. லென்ஸை வைத்தேன். மேலே சற்று அகலம். கீழே இழை மாதிரி ஏதோ தொங்குகிறது. தூசிக்கும் சிலசமயம் இழை இருக்கும். படம் எடுத்தவர் எந்தப் பக்கம் நின்று எடுத்தாரோ, அவருக்கு வலது வேலாயுதத்துக்கும் வலதுதானோ, இது எபி குதித்த விமானம்தானோ. எத்தனை 'தானோ'! இருபத்தாறு வருஷ சர்வீசு என்று அன்றைக்கு மார் தட்டினேனே, அந்த வாயை என்ன செய்வது?

"பாய், குடையா தூசியா?"

காஜா பாய் வெகுநேரம் பார்த்தார். "அண்ணே, நான் அன்னிக்கே கேட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மேலதான் இருக்கு. இன்னும் இறங்கலை" என்றார்.

மற்ற எட்டு இடங்களையும் அதே பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். அவை தூசிதான், திரும்ப மூடிவிட்டேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

22 ஜனவரி, சனி

குடியரசு தினச் சிறப்புப் பக்கத்துக்கு அதே படம் வேண்டுமாம். "பழைய பிளாக்கே இருக்கே, எடுத்துக் கொடுத்துடுங்கோ" என்றார் சடகோபன் சார்.

"புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன் சார். நான் வரைஞ்சதெல்லாம் இல்லாம."

"வானம் மொட்டையா இருக்குமேய்யா."

"இருக்கட்டும் சார்."

ஏழு குடையையும் துடைத்து வைத்திருந்த பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சரி, மூலையிலே இந்தத் தூசியையாவது எடுத்துடுங்கோ."

"அது தூசி இல்லை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பிளாக் எடுக்கிற வலைக் கண்ணாடியில் நான்கு கட்டத்துக்குக் குறைந்த புள்ளி பேப்பரில் விழாது என்பார்கள். அது விழ வேண்டும் என்பதற்காகப் படத்தை வழக்கத்தைவிடப் பெரிசாக எடுத்தோம். காஜா பாய் தகட்டை ஆசிட்டில் போட்டுவிட்டு, அந்த மூலை அரித்துப் போய்விடக் கூடாதே என்று தொட்டியை ஆட்டிக்கொண்டே நின்றார். தகட்டை மெள்ளத் தூக்கினார்.

26 ஜனவரி, புதன்

கிருபை பேப்பரை வாங்கி நேரே மூலையைத்தான் பார்த்தாள். இந்தத் தடவை நான் விரல் நீட்டவில்லை.

"தனியாப் போயிருக்கான்" என்றாள்.

"அவனா என்னன்னு நிச்சயமாத் தெரியாது கிருபை."

"உங்களுக்குத் தெரியாது."

வெட்டி, பழையதற்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சுவரில் இருந்த எபியின் படச் சட்டத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்தேன். புருவத்தில் நான் அடித்த சாயத்தை எடுக்கப் பஞ்சு நனைப்பதற்கு நாக்கு வறண்டிருந்தது. கடைசியில் தண்ணீர் தொடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

3 பிப்ரவரி, வியாழன்

சடகோபன் சார் ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சிங்கம்புணரி வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

"தங்கள் குடியரசு தின இதழில், மூன்றாம் பக்கம் வெளியான பாராசூட் படத்தில் வலது மேல்மூலையில் ஒரு தூசி காணப்படுகிறது. இதே படம் டிசம்பரில் வந்தபோது அது இல்லை. தங்கள் பத்திரிகையின் தரம் குறைந்துவருவது வருத்தம் அளிக்கிறது."

"நான் வேணா ரெண்டு வரி எழுதிப் போட்டுடறேன், மாசிலாமணி."

"நானே எழுதுறேன் சார்."

எத்தனையோ ஆயிரம் பேர் வாங்குகிற பேப்பர். அதில் கிழங்கு கட்டினவர்கள் போக, அலமாரியில் விரித்தவர்கள் போக, ஒரே ஒருவர் அந்த மூலையைப் பார்த்திருக்கிறார். டிசம்பரில் அது இல்லை என்பதையும் பார்த்திருக்கிறார். நாலு கார்டு கிழித்தேன். எட்டாம் வகுப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்.

"ஐயா, தாங்கள் சொன்னது சரி. டிசம்பரில் அதை மூடியது நான். தவறு என்னுடையது. தூசிதான் என்று நினைத்துவிட்டேன். இப்போது அது இருக்கிற இடத்தில் இருக்கிறது. பார்த்ததற்கு மிகவும் நன்றி.

இப்படிக்கு,
மாசிலாமணி, பிளாக் பகுதி."

அவருடைய கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கிருபையிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே வாசித்தாள்.